பிக்கப்பின் கதை – 11: நிற்கும் அச்சு, சுழலும் அச்சு

1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் 281 டாலர் விலை வைத்து விற்ற பிக்கப்பின் தொட்டியைப் பற்றிச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். தொட்டி எளிய விஷயம். நாலு பக்கம் தகடு, பின்னால் ஒரு கதவு. அதில் ஏற்றிய சோளமூட்டையின் எடை எங்கே போய் இறங்குகிறது, எஞ்சினின் இழுவை எந்த வழியாகச் சக்கரத்துக்கு வந்துசேருகிறது என்பதில்தான் கஷ்டம் இருக்கிறது. எடையும் இழுவையும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் பின் அச்சு. இந்த அத்தியாயம் முழுவதும் தொட்டிக்கு அடியில்தான்.

அமெரிக்க நிறுவனங்கள் பிக்கப்பின் முகத்தை ஏறக்குறைய ஆண்டுதோறும் மாற்றின. இந்த வருடம் விளக்கு உருண்டை, அடுத்த வருடம் கிரில்லில் இரண்டு பட்டை கூடுதல். பின் அச்சை அப்படி நினைத்தபோது மாற்ற முடியாது. அதன் கூட்டை வார்க்கும் வார்ப்படங்களும் பற்சக்கரம் வெட்டும் எந்திரங்களும் பெரும் முதலீடு. அதனால் ஒருமுறை தீர்மானித்த அமைப்பு பதினைந்து, இருபது, சிலசமயம் முப்பது ஆண்டுகள்கூட நீடித்தது. மாறியபோது வலுவான காரணத்தோடு மாறியது. அந்தக் காரணங்களை வரிசையாகப் பார்த்துவந்தால், பிக்கப்பை யார் ஓட்டுவார்கள், எவ்வளவு ஏற்றுவார்கள், கெட்டுப்போனால் யார் கழற்றி மாட்டுவார்கள் என்று அதைச் செய்தவர்கள் நினைத்தார்கள் என்பது தெரிகிறது. இந்த வண்டியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

எல்லாவற்றுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் முன்னால், ஓட்டும் சக்கரங்கள் பின்னால். நீளவாக்கில் சுழன்றுவரும் தண்டின் சுழற்சியைக் குறுக்கே திருப்ப வேண்டும். அதற்காகத் தண்டின் நுனியில் சின்னப் பினியன், அதோடு பல் கோத்துச் சுழலும் பெரிய கிரவுன். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் சுற்ற வேண்டியிருக்கிறது. அதற்காகக் கிரவுனோடு சேர்த்து டிஃபரன்ஷியல். பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கேர் 1827-லேயே நீராவி வண்டிக்காக அதை வடிவமைத்துவிட்டார். இதுவரை எல்லாப் பிக்கப்பும் ஒன்றுதான்.

ஃபோர்டு மாடல் டி-யில் பினியனுக்கு 11 பல், கிரவுனுக்கு 40 பல். தண்டு 3.64 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். பற்கள் நேராக வெட்டப்பட்டவை. ஓடும்போது சத்தம் போடும். பினியன் கிரவுனைத் தள்ளும்போது இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்கும். அந்தப் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்க உள்ளே வைத்திருந்தவை பேபிட் என்ற மிருதுவான உலோகக் கலவையில் செய்த வாஷர்கள். ஓட ஓட அவை பொடிந்துபோகும். பொடிந்தால் கிரவுன் நகர்ந்து, பல்லோடு பல் கோப்பது விட்டுப்போகும். இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், அந்த வண்டியின் கால் பிரேக் கியர்பாக்ஸுக்குள் இருந்தது. பல் விட்டுப்போனால் இழுவையோடு பிரேக்கும் போய்விடும். இறக்கத்தில் போகும் வண்டிக்கு, கைநெம்புகோலால் இயங்கும் சின்னப் பின்சக்கரப் பிரேக் ஒன்றுதான் மிச்சம். இன்றைக்கும் மாடல் டி-யை ஓட்டி மகிழ்கிறவர்கள், பழைய வண்டி ஒன்று கைக்கு வந்தால் பின் அச்சைப் பிரித்து பேபிட்டை எறிந்துவிட்டு வெண்கல வாஷர் போட்ட பிறகே நம்பி ஓட்டுகிறார்கள்.

காருக்குச் செய்த இந்த அச்சைச் சுமைவண்டிக்கும் அப்படியே போட முடியாது என்பது ஃபோர்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1917 ஜூலையில் வந்த ஒரு டன் வண்டியான மாடல் டிடி-யில் எஞ்சின் அதேதான். பின் அச்சு முற்றிலும் வேறு. பினியனும் கிரவுனும் இருந்த இடத்தில், திருகுபோல் முறுக்கிய எஃகு வார்ம் ஒன்றும் அதனால் சுற்றப்படும் வெண்கலச் சக்கரம் ஒன்றும் வந்தன. விகிதம் 7.25. அதாவது காரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவாகச் சுற்றும் சக்கரம், இரண்டு மடங்கு இழுவை. அந்த விகிதத்தில் மணிக்கு 15 மைல் வேகத்துக்குமேல் போக வேண்டாம் என்பது பரிந்துரை. அவசரக்காரர்களுக்கு 5.17 விகிதமும் உண்டு. இருபது குதிரைசக்தி எஞ்சினைக் கொண்டு ஒரு டன்னை நகர்த்த முடிந்ததற்கு முழுக்காரணம் இந்த அச்சுதான். எஞ்சினை மாற்றாமல் அச்சை மாற்றி ஒரு வண்டியை வேறு வண்டியாக்கலாம் என்பதை அமெரிக்கப் பண்ணைகளுக்கு டிடி காட்டியது.

அடுத்து எடைக்கு வருவோம். நம் மாட்டுவண்டியில் இருசு சுழல்வதில்லை. அது நிற்கும், சக்கரத்தின் குடம் அதன்மேல் சுற்றும், நுனியில் கடையாணி சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். பாரம் முழுவதும் அசையாத இரும்பின்மேல் இறங்குகிறது. தொடக்ககாலக் கனரக லாரிகள் பலவும் இதே வழியைத்தான் பின்பற்றின. 1916-இல் வந்த மேக் ஏசி லாரியில் பின் இருசு சும்மா நிற்கும். சங்கிலிதான் சக்கரத்தைச் சுழற்றும். ஆனால் சங்கிலியில் மண் ஏறும், தேயும், அறுந்துபோகும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டு அச்சுக் கூட்டின் உள்ளேயே போகவேண்டும் என்றால், அந்தத் தண்டு எடையையும் தாங்கவேண்டுமா, சுழற்றினால் மட்டும் போதுமா என்ற கேள்வி வருகிறது.

செமி ஃப்ளோட்டிங் அச்சில் தண்டுக்கு இரண்டு வேலையும் உண்டு. கூட்டின் நுனியில் ஒரே ஒரு பேரிங், அதைத் தாண்டி நீளும் தண்டின் தலையில் சக்கரம். தண்டு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே நேரத்தில் வண்டியின் பாரம் அதை வளைக்கப் பார்க்கிறது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை, தண்டின் மேல்பக்கம் கீழ்ப்பக்கமாக, இழுபட்ட இரும்பு அழுத்தப்பட்ட இரும்பாக மாறிக்கொண்டே இருக்கிறது. லட்சக்கணக்கான மைல் இப்படி ஓடினால் உலோகம் களைத்துப்போகும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் மாட்டுவண்டி முறை திரும்பி வருகிறது. கூட்டின் நுனி குழாயாக வெளியே நீண்டிருக்க, அதன்மேல் இரண்டு பேரிங்குகளில் ஹப் சுற்றுகிறது. தண்டு உள்ளே மிதந்தபடி சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. பாரத்தின் ஒரு பவுண்டுகூட அதன்மேல் இல்லை. ஹப்பின் முகத்தில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவி எடுத்துவிடலாம். வண்டி தன் சக்கரங்களில் நின்றுகொண்டே இருக்கும், ஜாக்கி வேண்டியதில்லை. தண்டு நடுவழியில் முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது.

இவ்விரண்டுக்கும் இடையில் முக்கால் ஃப்ளோட்டிங் ஒன்றும் இருந்தது. 1928-இல் வந்த ஃபோர்டு மாடல் ஏ அப்படிப்பட்டது. எடை கூட்டின்மேல் இருக்கும் பேரிங்கில் இறங்கும்; ஆனால் சக்கரம் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலை தண்டுக்கு.

அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று பிக்கப்புகளைப் பிரித்து விற்ற அமெரிக்க வழக்கத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் இந்த வேறுபாடுதான். 1947-இல் போருக்குப் பிறகு வந்த செவ்ரோலே வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அரை டன் 3100-க்குச் செமி ஃப்ளோட்டிங், விகிதம் 4.11. முக்கால் டன் 3600-க்கு ஃபுல் ஃப்ளோட்டிங், விகிதம் 4.57. ஒரு டன் 3800-க்கு 5.14. அதே முகம், அதே கேபின். பக்கத்தில் நின்று பார்த்தால், பின்சக்கரத்தின் நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டிருப்பதை வைத்துத்தான் பெரிய வண்டியை அடையாளம் காணமுடியும். பாரம் ஏற்றுவதையே பிழைப்பாகக் கொண்டவர் அந்த ஹப்பைத் தேடித்தான் வாங்கினார். டாட்ஜ் நிறுவனம் போர்க்கால முக்கால் டன் ராணுவ வண்டியிலிருந்து எடுத்து 1946-இல் விற்கத் தொடங்கிய பவர் வேகனில் முன்னும் பின்னும் இரண்டுமே ஃபுல் ஃப்ளோட்டிங். வழக்கமான விகிதம் 5.83. அது நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டி இல்லை. மரம் இழுக்கவும், மின்கம்பம் நடவும், பனியில் சிக்கிய வண்டியை மீட்கவும் போன வண்டி.

எல்லா நிறுவனங்களும் அச்சைத் தாங்களே செய்யவில்லை. இங்கே கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற பெயரைச் சொல்லாமல் போகக்கூடாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, சங்கிலிக்குப் பதிலாக யுனிவர்சல் ஜாயின்ட் வைத்த தண்டு போதும் என்று கண்டு 1903-இல் காப்புரிமை பெற்றவர் அவர். 1914-இல் அவருடைய நிறுவனத்துக்குள் சார்ல்ஸ் டானா வந்தார். 1919-இல் சாலிஸ்பரி என்ற அச்சுத் தயாரிப்பு நிறுவனம் அதோடு சேர்ந்தது. 1946-இல் நிறுவனத்தின் பெயரே டானா ஆனது. ஃபோர்டு எஃப்-1, ஸ்டூட்பேக்கர், இன்டர்நேஷனல், ஜீப், டாட்ஜ் என்று வெளியே ஒருவரோடு ஒருவர் போட்டியிட்ட பிக்கப்புகளில் பலவற்றின் அடியில் ஒரே தொழிற்சாலையின் அச்சு ஓடியது. டானா 44 அரை டன்னுக்கு, டானா 60 முக்கால் டன்னுக்கு, டானா 70 ஒரு டன்னுக்கு என்று ஓர் ஏணியே உருவாயிற்று. கிரவுனின் விட்டம் 60-க்கு 9.75 அங்குலம், 70-க்கு 10.5 அங்குலம்.

ஜீப்பில் நடந்த ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் பின் அச்சு ஃபுல் ஃப்ளோட்டிங். போர் முடிந்து விவசாயிகளுக்கென்று வந்த சிஜே-2ஏ-வும் தொடக்கத்தில் அதே அச்சோடு வந்தது. பிறகு அதை எடுத்துவிட்டுச் செமி ஃப்ளோட்டிங் அச்சைப் போட்டார்கள். தண்டின் நுனி கூம்பாகக் கடைந்திருக்கும். ஹப்பை அதன்மேல் ஏற்றி, நடுவே ஒரு சாவித்துண்டு வைத்து, பெரிய நட்டால் முறுக்கிவிடுவார்கள். செய்யச் செலவு குறைவு. ஆனால் நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் சாவித்துண்டு அறுபடும். கழற்ற வேண்டுமென்றால் கனமான புல்லர் இல்லாமல் ஹப் அசையாது. ராணுவம் பணம் கொடுக்கும்போது ஒரு அச்சு, விவசாயி பணம் கொடுக்கும்போது வேறு அச்சு.

எடையைப் போலவே முக்கியமானது உந்துவிசை. சக்கரம் தரையை உதைக்கும்போது முதலில் முன்னேறுவது பின் அச்சுதான். அச்சு எதையாவது பிடித்துத் தள்ளினால்தான் வண்டியின் உடல் முன்னே போகும். அது மட்டுமில்லாமல், சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது அச்சுக் கூடு எதிர்த்திசையில் திமிறிச் சுழலப் பார்க்கும். அந்தத் திமிறலையும் யாராவது அடக்கவேண்டும்.

ஃபோர்டும் செவ்ரோலேயும் பல ஆண்டுகள் நம்பியது டார்க் டியூப் என்ற குழாயை. சுழலும் தண்டு அந்தக் குழாய்க்குள் மறைந்து ஓடும். குழாயின் பின்முனை அச்சுக் கூட்டோடு இறுகப் பிணைந்திருக்கும். முன்முனை கியர்பாக்ஸின் பின்னால் ஒரு உருண்டை மூட்டில் போய் உட்காரும். உந்துவிசை முழுவதும் குழாய் வழியாக அந்த மூட்டுக்குப் போய் வண்டியைத் தள்ளும். ஸ்பிரிங்குக்குப் பாரம் தாங்குவது தவிர வேறு வேலை இல்லை. ஹென்றி ஃபோர்டு தன் கார்களில் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் வைத்து அத்தனை ஆண்டு ஓட்ட முடிந்தது இதனால்தான். நேர்த்தியான அமைப்பு, தூசியும் உள்ளே போகாது. ஆனால் ஃபோர்டில் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமென்றால் ஒன்று எஞ்சினை வெளியே தூக்கவேண்டும், அல்லது பின் அச்சையே அவிழ்த்துப் பின்னுக்கு நகர்த்தவேண்டும். கிளட்ச் தட்டு மாற்றும் வேலைக்கு அது பெரிய தண்டனை.

1948-இல் ஃபோர்டின் எஃப் வரிசை வந்தபோது தண்டு திறந்தவெளியில் சுழன்றது. செவ்ரோலே அரை டன் பிக்கப் 1955-இல் குழாயைக் கைவிட்டது. பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் நிறுவனத்தின் பெயரால் அறியப்படும் இந்த முறையில், நீளவாக்கில் இரண்டு பக்கமும் வைத்த பட்டை ஸ்பிரிங்குகளே எல்லா வேலையையும் செய்கின்றன. பாரம் தாங்குவது, அச்சை நேராகப் பிடிப்பது, உந்துவிசையை ஃபிரேமுக்குக் கொடுப்பது, திமிறலை அடக்குவது. மலிவு, எளிமை, எந்த ஊர்க் கொல்லனும் பட்டை மாற்றிவிடலாம். இதன் குறையும் அதே ஸ்பிரிங்கில்தான். காலித் தொட்டியோடு வேகமாகக் கிளப்பினால் பட்டைகள் வளைந்து நிமிர்ந்து, பின்சக்கரங்கள் தரையில் குதிக்கும். பாரம் ஏற்றினால் அடங்கிவிடும். பாரத்துக்காகப் பிறந்த ஸ்பிரிங், பாரம் இல்லாதபோது முரடாக நடந்துகொள்கிறது.

1960-இல் செவ்ரோலே எடுத்த முடிவு இந்த வரலாற்றில் தைரியமானவற்றுள் ஒன்று. பிக்கப்பை வேலைக்கு மட்டுமல்லாமல் ஊருக்குள் போகவும் குடும்பத்தோடு போகவும் மக்கள் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்காக சி10 பிக்கப்பின் பின்னால் பட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, சுருள் ஸ்பிரிங் வைத்தது. அச்சைப் பிடிக்க இரண்டு நீண்ட எஃகுக் கைகள். அவை அச்சின் இரு பக்கமும் இறுகக் கட்டப்பட்டு, முன்னோக்கி ஒன்றையொன்று நெருங்கிச் சென்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒரு குறுக்குச் சட்டத்தில் முடியும். பக்கவாட்டில் நகராமல் இருக்க ஒரு குறுக்குக் கம்பி. கை நீளமாக இருப்பதால் சக்கரம் மேலும் கீழும் போகும்போது அச்சின் கோணம் அதிகம் மாறுவதில்லை. திமிறலை அந்தக் கைகளே தாங்கிக்கொள்கின்றன. காலியாக ஓடும்போதும் வண்டி குதிக்காமல் போயிற்று. 1972 வரை இந்த அமைப்பு இருந்தது. 1973-இல் புதிய வரிசை வந்தபோது, அதிக பாரம், குறைந்த செலவு என்ற கணக்கு வென்று செவ்ரோலே பட்டைக்கே திரும்பிவிட்டது.

ஆனால் அந்தக் கைகளின் கதை அங்கே முடியவில்லை. நாஸ்கார் பந்தயக்காரர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். நீள்வட்டப் பாதையில் மணிக்கு இருநூறு மைல் தொடும் கார்களுக்கு, பின் அச்சு அசைவதை முன்கூட்டியே அறிந்துகொள்ளக்கூடிய எளிய அமைப்பு வேண்டியிருந்தது. அறுபதுகளின் பிக்கப்பிலிருந்து வந்த அந்த அமைப்பு, ‘டிரக் ஆர்ம்’ என்ற பெயரோடேயே கப் பந்தயக் கார்களில் 2021 வரை இருந்தது. 2022-இல்தான் அங்கே பின்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்பு வந்தது. ஒரு குடும்பத்தின் சௌகரியத்துக்காக வரைந்த அச்சுப்பிடிமானம் அமெரிக்காவின் அதிவேகக் கார்களை அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தாங்கியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இன்னொரு பரீட்சையும் நடந்தது. எஞ்சினைப் பின்னால் வைத்த கார்வேர் என்ற காரின் உறுப்புகளைக் கொண்டு செவ்ரோலே 1961 முதல் 1964 வரை ராம்ப்சைடு என்ற பிக்கப்பைச் செய்தது. அதில் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஊசலாடும். பின்னால் எஞ்சின் இருந்ததால் தொட்டியின் தரை ஒரே மட்டமாக அமையவில்லை. பிக்கப் வாங்குகிறவர்கள் அதை ஏற்கவில்லை.

இப்போது ஃபோர்டின் ஒன்பது அங்குல அச்சுக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தின் நாயகன் என்று ஒன்றைச் சொன்னால் அது இதுதான். 1957 மாடலில் காருக்கும் எஃப்-100 பிக்கப்புக்கும் சேர்த்து வந்தது. ஒன்பது அங்குலம் என்பது கிரவுனின் விட்டம்.

அதன் பலம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகருக்குப் போகவேண்டும். அங்குள்ள கிளீசன் தொழிற்சாலை பற்சக்கரம் வெட்டும் எந்திரங்களில் உலகத்துக்கே முன்னோடி. நேர்ப் பற்களுக்குப் பதிலாக வளைந்த பற்களை வெட்டும் முறையை அவர்கள் கொண்டுவந்ததும், 1913-இல் பேக்கார்டு கார் சத்தம் குறைந்து ஓடியது. இருபதுகளின் நடுவில் அடுத்த படி: ஹைப்பாய்டு. அதுவரை பினியனின் மையக்கோடு கிரவுனின் மையத்தை நோக்கியே வரும். ஹைப்பாய்டில் பினியனைக் கீழே இறக்கிவிடலாம். இறங்கினால் தண்டும் இறங்கும், வண்டியின் தரையும் தாழும். அதைவிட முக்கியம், பினியன் பருமனாகும், ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் கோத்துக்கொள்ளும். ஆனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு சறுக்கவும் செய்யும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிய்ந்துவிடும். கந்தகம் சேர்ந்த தனி எண்ணெய் வேண்டும். அச்சைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றத்துக்குக் காரணம் அதுதான்.

ஃபோர்டு தன் அச்சில் பினியனைக் கிரவுனின் மையத்துக்கு 2.25 அங்குலம் கீழே வைத்தது. டானா 60-இல் அந்த இறக்கம் 1.125 அங்குலம்தான். ஃபோர்டு அதோடு விடவில்லை. வழக்கமாகப் பினியன் ஒரு பக்கத்தில் மட்டும் பேரிங்குகளில் தாங்கப்பட்டு, மறுமுனை காற்றில் நிற்கும். கடும் இழுவையில் அது கிரவுனைவிட்டு விலகி வளையும். ஃபோர்டு பினியனின் மறுமுனைக்கும் ஒரு பேரிங் வைத்தது. இருபுறமும் பிடிபட்ட பினியன் அசையவில்லை. சறுக்கல் அதிகம் என்பதால் சூடும், சக்தி இழப்பும் கொஞ்சம் அதிகம். அன்றைக்கு அமெரிக்காவில் பெட்ரோல் விலையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பழுதுபார்க்கும் வசதியிலும் இந்த அச்சு தனித்து நின்றது. பின் அச்சுக் கூடுகள் பெரும்பாலும் இரண்டு வகை. பாஞ்சோ வகையில், அழுத்திச் செய்த எஃகுத் தகடுகளைப் பற்றவைத்த ஒரே கூடு. பினியன், கிரவுன், டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்ந்த ஒரு தனிப் பகுதி முன்பக்கமிருந்து போல்ட்டில் மாட்டப்படும். சாலிஸ்பரி வகையில், நடுவில் கனத்த வார்ப்பு. இரு பக்கமும் குழாய்களை அழுத்திச் செருகிப் பற்றவைத்திருப்பார்கள். பின்னால் ஒரு தகட்டு மூடி. பற்சக்கரங்களை அந்த வார்ப்புக்குள்ளேயே ஒவ்வொன்றாக அமைக்கவேண்டும்.

பினியனும் கிரவுனும் கோக்கும் ஆழத்தை ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குச் சரிசெய்யவேண்டும். இல்லாவிட்டால் ஊளையிடும், விரைவில் பல் போகும். சாலிஸ்பரியில் அந்த வேலையை வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்யவேண்டும். டானா 60 போன்றவற்றுக்கு வார்ப்பையே கொஞ்சம் விரித்துப் பிடிக்கும் தனிக் கருவி தேவை. பாஞ்சோவில் தண்டுகளை உருவிவிட்டு, நடுப்பகுதியைக் கழற்றி மேசைமேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில், உட்கார்ந்து சரிசெய்யலாம். வேறு விகிதத்தில் ஒன்று ஏற்கெனவே தயாராக இருந்தால் ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். வாரநாளில் மரம் இழுக்க 4.11, நெடும்பயணத்துக்கு 3.50 என்று இரண்டு வைத்துக்கொள்ள முடியும். ஃபோர்டின் ஒன்பது அங்குலமும் டாட்ஜ் டி100-இல் வந்த கிரைஸ்லரின் எட்டேமுக்கால் அங்குலமும் இந்த வகை. சொந்தக்காரரும் ஊர் மெக்கானிக்கும் கையால் தொடும் பொருளாக அச்சை நினைத்தவர்கள் வரைந்த வடிவம் இது. எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம்.

ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழியில் போயிற்று. அறுபதுகளில் அதன் அரை டன் பிக்கப்புகளுக்கு வந்த 12 போல்ட் அச்சும், அதன்பின் வந்த 10 போல்ட் அச்சும் சாலிஸ்பரி வகை. போல்ட் கணக்கு கிரவுனைக் கட்டும் போல்ட்டுகளையும், பின்மூடியைப் பிடிக்கும் போல்ட்டுகளையும் குறிக்கும். இவற்றில் தண்டு வெளியே கழன்று வராமல் தடுப்பது, டிஃபரன்ஷியலுக்குள் தண்டின் உள்முனையில் செருகிய சி வடிவ வளையம். இன்னொரு சிக்கனமும் உண்டு: வெளிப்பக்க ரோலர் பேரிங்குக்கு உள்வளையம் கிடையாது, உருளைகள் தண்டின்மேலேயே நேராக ஓடும். பேரிங் தேய்ந்தால் தண்டும் சேர்ந்து குழியாகும், இரண்டையும் மாற்றவேண்டும்.

தொழிற்சாலையில் தண்டைச் செருகி வளையத்தைப் போட்டால் சில நொடியில் முடிந்துவிடும். அரை டன் பாரத்துக்கும் சாதாரண ஓட்டத்துக்கும் அது போதும். லட்சக்கணக்கான வண்டிகள் பிரச்சினை இல்லாமல் ஓடின. ஆனால் தண்டு முறிந்துவிட்டால், வெளிப்பக்கத் துண்டை எதுவும் பிடித்து நிறுத்துவதில்லை. சக்கரமும் பிரேக் டிரம்மும் சேர்ந்து வெளியே நழுவிப் போகும். மாட்டுவண்டிச் சக்கரத்தைக் கடையாணி வெளிப்பக்கத்திலிருந்து பிடிக்கிறது. இந்த அச்சில் கடையாணியின் வேலை கண்ணுக்குத் தெரியாத உள்முனையில் நடக்கிறது. ஒன்பது அங்குலத்தில் பேரிங்கைத் தண்டின்மேல் அழுத்தி ஏற்றி, கூட்டின் நுனியில் ஒரு தகட்டால் போல்ட் செய்திருப்பார்கள். தண்டு உள்ளே முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். சில பைசா சிக்கனத்துக்காக இந்தப் பாதுகாப்பை விட்டிருக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

அதே ஜெனரல் மோட்டார்ஸ் கனமான பிக்கப்புகளுக்கு என்ன செய்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1973-இல் வந்த 14 போல்ட் அச்சு: கிரவுன் 10.5 அங்குலம், ஃபுல் ஃப்ளோட்டிங். பினியன் தனி வார்ப்பில் உட்கார்ந்து போல்ட்டில் கழன்று வரும். ஒன்பது அங்குலத்தைப் போலவே பினியனின் மறுமுனைக்கு மூன்றாவது பேரிங். பக்கவாட்டு இறுக்கத்தைத் தகட்டுத் துண்டுகளை வைத்துப் பார்க்காமல், திருகும் வளையத்தால் சரிசெய்யலாம். சாலிஸ்பரிக் கூட்டுக்குள் பாஞ்சோவின் நல்ல குணங்களைக் கொண்டுவந்த வடிவம் அது. வண்டி துருப்பிடித்து மக்கிய பிறகும் இந்த அச்சைத் தேடிப் பழைய இரும்புக் கிடங்குகளுக்குப் போகிறவர்கள் இன்றும் அமெரிக்காவில் உண்டு. எடை அதிகம், தரைக்கும் அச்சுக்கும் இடைவெளி குறைவு என்ற இரண்டு குறையைத் தவிர, அதைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொல்கிறவர் குறைவு.

டிஃபரன்ஷியலின் அடிப்படைப் பலவீனம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதுமட்டும் சுற்றும். உறுதியான தரையில் நிற்கும் மற்றது அசையாது. 1973-இல் இருந்து செவ்ரோலே, ஜிஎம்சி பிக்கப்புகளுக்கு ஈட்டன் செய்து கொடுத்த கவ்-லாக் டிஃபரன்ஷியல், இரு சக்கரங்களுக்கும் வேக வித்தியாசம் அதிகமானதும் உள்ளே சுழலும் சின்ன எடைகள் விரிந்து இரண்டையும் பூட்டிவிடும்படி அமைந்தது. வண்டி மணிக்கு இருபது மைலைத் தாண்டினால் தானே பூட்டாது. பெரிய டயர் போட்டு முரட்டுத்தனமாக ஓட்டியவர்களிடம் அது வெடித்துச் சிதறியதும் உண்டு. வயலின் ஈரத்தில் சிக்கிய விவசாயிக்கு நன்றாகவே உதவியது.

பிறகு எண்ணெய் நெருக்கடி வந்தது. ஐம்பதுகளில் 4.11-ஐ ஏற்றுக்கொண்ட பிக்கப், 1956-இல் கையெழுத்தான மாநிலங்களிடை நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு வேகமாகப் போக விரும்பி ஏற்கெனவே விகிதத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தது. 1979 மாடல்களிலிருந்து அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன விதி பிக்கப்புகளுக்கும் வந்தபோது, 3.08, 2.73 போன்ற விகிதங்கள் சாதாரணமாயின. சறுக்கலில் சக்தி இழக்கும் ஒன்பது அங்குலத்தின்மேல் கணக்கர்களின் பார்வை விழுந்தது. 1983-இல் ஃபோர்டு 8.8 அங்குல அச்சைக் கொண்டுவந்தது. சாலிஸ்பரி வகை, சி வளையம், உருளைகள் தண்டின்மேலேயே ஓடும் பேரிங். சக்தி இழப்பு குறைவு, எடை குறைவு, செலவு குறைவு. 1986 மாடலோடு ஒன்பது அங்குலம் ஃபோர்டு வண்டிகளிலிருந்து மறைந்தது. முக்கால் டன், ஒரு டன் வண்டிகளுக்கு 1985-இல் வந்த 10.25 அங்குல ஸ்டெர்லிங் அச்சை, டானாவிடமிருந்து வாங்குவதைக் குறைத்து ஃபோர்டே செய்துகொண்டது.

அரை டன் பிக்கப்பின் சொந்தக்காரர் தன் பின் அச்சைத் தானே கழற்றும் காலம் அதோடு முடிவுக்கு வந்தது என்று சொல்லலாம். உத்தரவாதக் காலம் முடியும்வரை ஓடினால் போதும், பிறகு பட்டறை பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு மூன்று பெரிய நிறுவனங்களுக்கும் பொதுவானது. ஃபோர்டு கைவிட்ட ஒன்பது அங்குலத்தையோ வேறு நிறுவனங்கள் இன்றும் புதிதாக வார்த்து, கூட்டையும் நடுப்பகுதியையும் தண்டுகளையும் தனித்தனியாக விற்றுக்கொண்டிருக்கின்றன. செவ்ரோலேக்காரரும் டாட்ஜ்காரரும்கூட அதை வாங்கித் தங்கள் வண்டிக்கு அடியில் மாட்டுகிறார்கள்.

அடுத்த அத்தியாயத்தில் முன் அச்சு. ஒரே நீண்ட இரும்புப் பாளமாக இருந்த அதை, 1965-இல் ஃபோர்டு இரண்டாக வெட்டி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தது ஏன் என்று பார்ப்போம்.